பிக்கப்பை மாற்றுவதற்கு முன்

பேஸ் கிதாரின் மிகத் தடித்த கம்பியை மீட்டினால் அது விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. நம் வீடுகளில் ஒரு காலத்தில் பாட்டுக் கேட்டதோ உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த டிரான்சிஸ்டர் ரேடியோவில். 41 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்ப அந்த ஸ்பீக்கருக்குத் திராணி கிடையாது. ஆனாலும் ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) பாடல்களுக்கு இளையராஜா அமைத்த பேஸை அந்த ரேடியோவில் கேட்டே முணுமுணுக்கக் கற்றவர்கள் ஏராளம். கம்பி 41இல் மட்டும் அதிர்வதில்லை. 82, 124, 165 என்று மடங்குகளிலும் கூடவே அதிர்கிறது. இந்த மேல் அதிர்வுகள் காதில் விழுந்தால் போதும், அவற்றுக்கு இடையிலான ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு அடிச் சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். ஜெர்மனியின் ஆகஸ்ட் சீபெக் 1841இல் சைரன்களை வைத்துச் செய்த சோதனைகளிலேயே இதன் தடயம் உண்டு.

விலை குறைந்த பேஸ் கிதாரை மேம்படுத்த நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ‘அடி பத்தலை’ என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும்போது, பெரும்பாலும் காணாமல் போயிருப்பது அடி அல்ல, இந்த மேல் அதிர்வுகள். அவை காணாமல் போகும் இடங்களோ பல.

இதற்கு ஓர் உதாரணம் ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில் கிடைத்தது. அதன் சுற்றுவட்டாரம் முழுக்கத் தொழிற்பேட்டை. ஷிஃப்ட் வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பவர்கள் உண்டு, மெல்லிசைக் குழுவோடு கச்சேரிக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு தம்பி, சர்க்யூட் போர்டு லைனில் வேலை பார்ப்பவர், தன் பேஸைக் காட்டி, “பிக்கப்பை மாத்திடலாம்னு இருக்கேண்ணே” என்றார். அவர் சொன்ன வெளிநாட்டு பிக்கப்பின் விலை, கிதாரின் விலையையே நெருங்கியது. முதலில் மூடியைத் திறந்து பார்ப்போம் என்றேன்.

பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும்தான். சுருளின் கம்பி சுமார் 0.06 மில்லிமீட்டர் பருமன், ஆயிரக்கணக்கான சுற்றுகள். காந்தம் தனக்கு மேலே இருக்கும் எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் மாறுகிறது, மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டது இதுவே. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோதும், நம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது தந்தியும் சேர்த்து எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகம் வாசித்தபோதும் அடியில் ஓடியது அதே விதிதான். கணத்தில் மடிந்துவிடும் மாண்டலின் நாதத்தை நீட்டித்துக் கொடுத்ததில் பிக்கப்புக்கும் பங்குண்டு. அதனால்தான் இந்தச் சின்னப் பெட்டிமேல் எனக்கு இத்தனை மரியாதை.

தம்பியின் கிதாரில் மூடியைக் கழற்றியதும் கண்ணில் பட்டவை: நகத்தளவே உள்ள மலிவான பாட்கள் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறுமின்தடைகள்) மூன்று, பட்டாணி அளவில் ஒரு கபாசிட்டர், தேவைக்கு மேல் நீண்டு சுருண்டு கிடந்த கம்பிகள். குழியின் மரச்சுவர் வெறுமையாக இருந்தது. கவசப் பூச்சு இல்லை. பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் கம்பியைப் பாட்டின் முதுகில் பற்றவைத்த இடம், லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

“கம்பியத் தொட்டா இரைச்சல் நிக்குது, கைய எடுத்தா வருது” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார் அல்லவா, அது விட்டுவிட்டு நடந்ததன் காரணம் இந்தப் பற்றுதான். நம் உடம்பு பெரிய ஆண்டெனா. டியூப் லைட், சார்ஜர், குமிழ் திருகும் பழைய எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் உமிழும் மின்புலத்தை வாங்கிக் கிதாருக்குள் கடத்துகிறது. எர்த் ஆன தந்தியைத் தொட்டதும் அந்த இரைச்சல் வடிந்துவிடுகிறது. குழியைச் செம்புத் தகடு ஒட்டி மூடி, அந்தத் தகட்டையும் எர்த்தோடு இணைத்துவிட்டால், தொடாதபோதும் வெகுவாகக் குறையும்.

ஆனால் செம்புத் தகடு மின்புலத்தைத்தான் தடுக்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் மெல்லிய செம்பை மதிக்காது. நம் நாட்டில் பேஸ் வாசிப்பவருக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று இருக்கிறது. தடித்த கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். மெல்லிய ஜி கம்பியைத் திறந்து மீட்டினால் 98. கரன்ட் இரைச்சலோ 50, 100. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் இரண்டு சுரங்களுக்கு நடுவே போய் நிற்கும். நம்முடையது ஜி சுரத்தின் தோளிலேயே உட்கார்ந்திருக்கிறது. இரைச்சலுள்ள ஆம்ப்ளிஃபயரில் ஜி கம்பியை மெதுவாக மீட்டி அடங்கவிட்டுக் கேளுங்கள். விநாடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்குவது தெரியும். 98க்கும் 100க்கும் நடக்கும் மல்லுக்கட்டு அது.

இதற்கு மருந்து பிக்கப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. 1957 முதல் பிரிசிஷன் பேஸில் பிக்கப்பை இரண்டு பாதிகளாகப் பிளந்து, ஒன்றின் சுற்றையும் காந்தத் துருவத்தையும் மற்றொன்றுக்கு எதிராக வைத்தார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராகப் பிறந்து அழிந்துபோகும். தந்தியின் ஒலிக்குச் சுற்று, துருவம் இரண்டுமே திரும்பியிருப்பதால் அது சேர்ந்துகொள்ளும். இத்தனை எளிமையாக ஒரு தொல்லையைத் தீர்த்த வேறு யோசனை கிதார் உலகில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எர்த் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் மூன்றாவது முனையைப் பிடுங்கிவிட்டு இரண்டு முனையில் ஓட்டும் வழக்கம் கச்சேரி மேடைகளில் இருக்கிறது. கிதார் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் உடலோடு இணைந்தவை. உள்ளே கோளாறு வந்தால் மின்சாரம் விரல் வழியாக ஏறி, உதட்டில் படும் மைக் வழியாக இறங்கும். இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை, அந்த மூன்றாவது முனையைத் தயவுசெய்து விட்டுவைக்க வேண்டும்.

இனி தொனி. சுருளும் கேபிளும் சேர்ந்து ஒரு ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் உயர எழும்புவதுபோல, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பிக்கப் எழும்பிப் பேசும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் சரிந்துவிடும். பிக்கப்பின் தூண்டம் (இண்டக்டன்ஸ்) 4 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் வீதம் 5 மீட்டர் கேபிள், சுருளின் சொந்தக் கணக்கில் ஒரு 100. மொத்தம் 600 பிகோஃபாரட். சூத்திரத்தில் போட்டால் உச்சம் சுமார் 3,200 ஹெர்ட்ஸில் விழும். அதே கிதாரில் 10 மீட்டர் கேபிள் சொருகினால் 2,400க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றினாலே தொனி மாறுகிறது! மேடைக்காக நீளமாக வாங்கிய மலிவான கேபிள் பலருடைய பேஸை மந்தமாக்கிக்கொண்டிருக்கிறது. பழி பிக்கப்பின் மேல்.

பாட்களும் அந்த உச்சத்தை மழுக்கும். 250 கிலோ ஓம் வழக்கமான அளவு. ‘ஏ’ எழுத்துப் போட்டது காதின் போக்குக்கு ஏற்பத் திரும்பும். ‘பி’ போட்டது நேர்கோட்டில் திரும்பும். டோனுக்கு ‘பி’ போட்டிருந்தால் கடைசிக் கால் சுற்றில்தான் எல்லாம் நடக்கும், மீதி வீண். நல்ல பாட்கள், 0.047 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், உறுதியான ஜாக் எல்லாமே சென்னை ரிட்சி தெருவில் தேடினால் சில நூறு ரூபாயில் முடியும். கபாசிட்டரின் மதிப்பு சரியாக இருந்தால் போதும். எண்ணெய்த்தாள் கபாசிட்டர் என்று அதிக விலைக்கு விற்பதை வாங்க வேண்டியதில்லை என்பது என் துணிபு.

பற்றவைப்பதில் தொழிற்சாலைப் பழக்கம் கைகொடுக்கும், கொஞ்சம் ஏமாற்றவும் செய்யும். ஏற்றுமதி போர்டுகளில் ஈயமில்லாத சால்டர், உருகுவது சுமார் 217 டிகிரி. பற்று சற்று மங்கலாக இருப்பது அங்கே இயல்பு. வீட்டில் பயன்படுத்தும் 63-37 வெள்ளீய ஈயக் கலவை 183 டிகிரியில் உருகும். பளபளவென்று படிய வேண்டும். அதில் மங்கல் தெரிந்தால் அந்தப் பற்றைச் சந்தேகிக்கலாம். பாட்டின் முதுகு உலோகம் சூட்டை உறிஞ்சும். சின்ன அயர்னை வைத்து நெடுநேரம் காய்ச்சினால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கருகும். 50, 60 வாட்டில் அகலமான முனை, சில விநாடி, அவ்வளவுதான். சன்னலைத் திறந்து வைத்து, முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பிக்கப்பை ஸ்க்ரூடிரைவரால் ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். தந்திக்கு மிக அருகே இருந்தால் காந்தம் தந்தியையே இழுத்துப் பிடித்து நாதத்தை முடக்கும். தம்பியின் பேஸில் இரண்டு சுற்று இறக்கியதும் கம்பிக்கு மூச்சு வந்தது. பழைய தந்தியைக் கழற்றிப் புதிது போட்டதும், மறைந்திருந்த மேல் அதிர்வுகள் அத்தனையும் வந்துவிட்டன.

அப்படியும் மனம் நிறையவில்லையென்றால் பிக்கப்பை மாற்றுவதில் நியாயம் உண்டு. மலிவானவற்றில் பெரும்பாலும் எஃகு முளைகளும், அடியில் ஒட்டிய ஃபெரைட் காந்தப் பட்டையும் இருக்கும். எஃகு தூண்டத்தைக் கூட்டும், உச்சம் கீழே இறங்கும். அல்னிக்கோ தண்டுகளில் தூண்டம் குறைவு. மேல் அதிர்வுகளுக்கு வழி கிடைக்கும். ஃபெரைட் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். அதை வைத்து நேர்த்தியாகச் சுற்றிய பிக்கப்களும் இருக்கின்றன. 9 வோல்ட் பேட்டரி போடும் ஆக்டிவ் சர்க்யூட்டின் பெரும் பயன், கேபிள் எவ்வளவு நீண்டாலும் தொனி கெடாமல் காப்பது. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். சொருகியே வைத்தால் பேட்டரி வடிந்துகொண்டேயிருக்கும்.

வாங்கும் முன் அளவெடுங்கள். ஜாஸ் பேஸ் வகையில் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் மற்றதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். கூடுமானவரை ஜோடியாகவே வாங்குவது நல்லது. ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டையும் முழுதாகத் திறக்கும்போது ஒலி மெலிந்து மூக்கடைத்ததுபோல் ஆனால், இரண்டும் எதிர்க்கட்டத்தில் இருக்கின்றன. புதியதின் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்தால் ஒலி நிமிர்ந்துவிடும். அதன் பிறகும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால், இரண்டின் காந்தத் துருவமும் ஒன்றாக இருக்கிறது என்று பொருள். அதைக் கம்பி மாற்றிச் சரிசெய்ய முடியாது.