ஜோகோவிச் வென்றார், கம்பனி திணறியது

இலங்கைக்கான ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகைக்கு அடிப்படையான ஐரோப்பிய ஒழுங்குவிதி 2027 டிசம்பர் 31 வரைதான் நீடிக்கப்பட்டது. அதனால் வவுனியாவின் ‘இத்தாலிக்காரரின் கார்மென்ட்ஸ்’ மூடப்படுமா என்று கேட்டுக் கடிதங்கள் வருகின்றன. சிலர் அதை செர்ஜியோ டாக்கினி என்ற பழைய டென்னிஸ் வீரருடையது என்றே எழுதியிருக்கிறார்கள். அல்ல. அந்தத் தொழிற்சாலையான ஒமேகா லைன், சாண்ட்ரோ வெரோனேசி கால்செடோனியா என்ற பெயரில் தொடங்கிய குழுமத்தைச் சேர்ந்தது.

டாக்கினியின் கதை வேறு. 1938இல் நொவாராவில் பிறந்து, டேவிஸ் கிண்ணத்தில் இத்தாலிக்காக ஆடியவர், 1966இல் ஆடைக் கம்பனி தொடங்கினார். வெள்ளை உடுப்பே வழக்கமாயிருந்த மைதானத்துக்கு நிறம் கொண்டுவந்தார். நஸ்டாசே, மெக்கன்ரோ, சாம்பிராஸ் எல்லாரும் அவர் சட்டையோடு ஆடினார்கள்.

கம்பனிகள் இதை ‘அனுசரணை’ என்கின்றன. உண்மையில் இது பந்தயம் கட்டுவதுதான். வீரருக்கு ஒரு நிலையான தொகை. வெற்றிக்கு வெற்றி மேலதிகப் பணம். தோற்றால் கம்பனிக்குச் செலவு குறைவு, வென்றால் விளம்பரம். மிதமிஞ்சி வென்றால்? 2009 இறுதியில் டாக்கினி கம்பனி டென்னிஸ் வீரர் ஜோகோவிச்சோடு பத்தாண்டு ஒப்பந்தம் செய்தது. 2011இல் அவர் மூன்று கிராண்ட் ஸ்லாம் வென்று உலகின் முதலாமிடத்துக்கு ஏறினார். வெற்றிப் பணத்தைக் கொடுத்துக் கட்டவில்லை என்று அப்போதே செய்தி வந்தது. 2012 மேயில் அவர் யுனிக்லோவுக்குப் போய்விட்டார். இத்தனைக்கும் கம்பனி 2007இலேயே சீன முதலீட்டாளரிடம் கைமாறியிருந்தது. நெஞ்சில் பெயர் மட்டும் டாக்கினியுடையது.

தையல் லைனிலும் இந்தக் கணக்குத்தான்: அடிப்படைச் சம்பளம், வரவுப்படி, டார்கெட் காசு. லைன் முடிவில் தொங்கும் பலகையில் மணிக்கு மணி எண்ணிக்கை ஏறும். நாள் முழுக்க கொலர் மட்டும் தைக்கும் பிள்ளையும் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். டார்கெட்டை எட்டினால் அடுத்தமுறை அதுவே உயரும் என்பது இந்தத் தொழிலில் எங்கும் கேட்கும் முறைப்பாடு. ஜோகோவிச்சுக்கு யுனிக்லோ இருந்தது. இவர்களுக்கோ ஊருக்குள் எந்தக் கம்பனி பஸ் வருகிறதோ அதுதான்.

மற்றக் கேள்விகள். சலுகை போனால் முழு வரியா? சாதாரண ஜி.எஸ்.பி. இருந்தால் ஆடைகள் பலவற்றுக்கு 12 அல்ல, 9.6 வீதம்.

மனித உரிமை நிபந்தனை? 27 சர்வதேச உடன்படிக்கைகள் என்கிறது பிரசல்ஸ். 2010இல் நிறுத்திய சலுகையை 2017 மேயில் திருப்பித் தந்தார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கி அப்போது மூன்று மாதம்.

டாக்கினி சட்டை இப்போது யாருடையது? 2022இலிருந்து தென்கொரியாவின் எஃப் அண்ட் எஃப் கம்பனியுடையது.