விற்காத ஆலை

ஓஸ்லோவிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் யேவ்நாக்கர் வட்டாரம். அங்கே ராண்ட்ஸெல்வா ஆற்றின் குறுக்கே, பிழிந்த துணிபோல நடுவில் முறுக்கிக்கொண்டு நிற்கிறது 60 மீட்டர் நீளமுள்ள அலுமினியக் கட்டடம். பாலமும் அதுதான், கலைக்கூடமும் அதுதான். பெயர் ‘தி ட்விஸ்ட்’. இதை எழுப்பியவர் கிறிஸ்டன் ஸ்வேயோஸ். நிறுவனப் பங்குகளில் முதலிட்டுப் பெரும் செல்வம் சேர்த்த நார்வேக்காரர்.

இந்த ஆற்றங்கரைக்கு முதலில் வந்தவர் அவருடைய தாத்தா ஆண்டர்ஸ் ஸ்வேயோஸ். 1889-இல் கிஸ்தேஃபோஸ் என்ற மரக்கூழ் ஆலையை நிறுவினார். காட்டில் வெட்டிய மரங்கள் ஆற்றோடு மிதந்து வரும்; அருவி நீரின் விசையில் சுழலும் கல்லில் அரைபட்டு, காகிதத்துக்கான கூழாகும். 1955-இல் ஆலை நின்றது. பேரன் பிறந்தது 1956-இல். ஆலை ஓடி அவர் பார்த்ததே இல்லை.

சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனில் படித்த கிறிஸ்டன், 1993-இல் குடும்ப நிறுவனத்தைத் தன் வசமாக்கினார். ஆலையின் பெயரையே தாங்கிய கிஸ்தேஃபோஸ், முதலீட்டு நிறுவனமாக வளர்ந்தது. எண்ணெய்க் கிணறுகளுக்கு உதவும் கப்பல்கள், லக்சம்பர்க்கின் அட்வான்சியா வங்கி எனப் பல துறைகளில் கால் பதித்தார். கைநிறையப் பங்கு வாங்கி, நிர்வாகத்திலும் பொறுப்பேற்பது அவர் வழி. 2014-இல் எண்ணெய் விலை சரிந்தபோது கப்பல் தொழில் பலமாக அடிவாங்கியது. ஒரே தொழிலை நம்பியிருக்கக் கூடாது என்பதை முதலீட்டாளர்களுக்கு உறைக்கச் சொன்ன காலம் அது.

சந்தையில் வாங்குவதும் விற்பதும் அன்றாடம். ஆனால் ஓடாத அந்த ஆலையை அவர் பழைய இரும்புக்குப் போடவில்லை. 1996-இல் அதை அருங்காட்சியகமாக்கினார். இயந்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சுற்றியுள்ள காட்டில் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர், ஜப்பானின் யாயோய் குசாமா ஆகியோரின் சிற்பங்கள் நிற்கின்றன. 2019 செப்டம்பரில் அரசி சோன்யா ‘தி ட்விஸ்ட்’டைத் திறந்துவைத்தார்.

அதே ஆண்டில்தான், 1819-இல் தொடங்கிய ஓஸ்லோ பங்குச் சந்தை, யூரோநெக்ஸ்ட் குழுமத்தின் கைக்குப் போனது. இருநூறு ஆண்டுச் சந்தையும் கைமாறும் உலகம் இது. அதில் ஒருவர் எவ்வளவு சேர்த்தார் என்று மட்டும் கணக்குப் பார்ப்பது போதாது. எதை விற்காமல் காத்தார் என்றும் பார்க்க வேண்டும். ஸ்வேயோஸின் கணக்கில் அந்த வரி ஆற்றங்கரையில் இருக்கிறது. தாத்தாவின் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு, பேரன் கட்டிய பாலத்தில் யாரும் அக்கரைக்கு நடந்து போகலாம்.