132 எழுத்து அகலமும் அதன் பிறகும்

1959-ல் ஐ.பி.எம். நிறுவனம் 1401 கணினியை அறிவித்தபோது கூடவே 1403 என்ற அச்சுப்பொறியும் வந்தது. நிமிடத்துக்கு 600 வரி அடிக்கும். ஒரு வரியில் 132 எழுத்து கொள்ளும். அந்தக் கணினிக்காக உருவான ஆர்.பி.ஜி. மொழியின் முதல் வேலையே அறிக்கை தயாரிப்பதுதான். அன்றைய அலுவலகங்கள் கணினி வாங்கியதற்கு முக்கியக் காரணமும் அதுவே. ஊதியப் பட்டியல், இருப்புப் பட்டியல், யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் எல்லாம் தாளில் வந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

அந்த மனப்பான்மை நம் ஊருக்கு டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் வழியாக வந்து சேர்ந்தது. 1990-களில் ஜவுளிக்கடை, நூற்பாலை, நிதி நிறுவனம் எங்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும். இரு ஓரமும் துளையிட்ட தொடர்தாள் மடிந்து மடிந்து கீழே விழும். புரோகிராம் எழுதுபவர் முதலில் கட்டம்போட்ட தாளில் அறிக்கையை வரைவார். பில் எண்ணுக்கு 8 இடம், பெயருக்கு 30, தொகைக்கு 12 என்று ஒதுக்கிய பிறகே எந்தத் தகவலைச் சேமிக்க வேண்டும் என்ற பேச்சு வரும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, பக்க எண், பக்கக் கூட்டல், கடைசியில் மொத்தம். தணிக்கையாளர் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே போவார். எனக்கு இன்றும் அந்தத் தாள்மீது மரியாதை உண்டு. எந்த எண் எங்கிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. குறையும் பெரிதுதான்: முதலாளி "இதையே ஊர்வாரியா பிரிச்சுக் கொடுங்க" என்றால் இன்னொரு புரோகிராம் எழுத வேண்டும்.

பிறகு விஷுவல் பேசிக்கோடு கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் வந்தது. ஜாவாக்காரர்களுக்கு 2001-ல் ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ், மைக்ரோசாஃப்ட் பக்கம் 2004-ல் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ். கட்டத்தாளில் வரைந்ததை மவுஸால் வரைந்தார்கள். மற்றபடி வழக்கம் மாறவில்லை.

பெரிய மாற்றம் வலைச் செயலிகளோடு வந்தது. ஜாவாவில் ஹைபர்நேட், ரூபியில் ரெயில்ஸ், பைத்தானில் ஜாங்கோ எல்லாம் டேட்டாபேஸ் வரிசைகளை ஆப்ஜெக்ட்டுகளாக மாற்றித் தந்தன. பில் ஓர் ஆப்ஜெக்ட், வாடிக்கையாளர் ஓர் ஆப்ஜெக்ட். பில் தன்மீதான வரித்தொகையைத் தானே கணக்கிடும், தவறான தேதியை மறுக்கும். ஒரு பில்லைப் போட, திருத்த, ரத்து செய்ய இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. ஆனால் அறிக்கை ஒரு பில்லைப் பற்றிய கேள்வி அன்று. ஆயிரக்கணக்கான பில்களைப் பற்றிய ஒரே கேள்வி. அதையும் ஆப்ஜெக்ட்டுகள் வழியாகவே எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 5,000 பில்களை ஒரே வினவலில் எடுத்துவிட்டு, சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றின் வாடிக்கையாளரையும் தனித்தனியாகக் கேட்டால் மொத்தம் 5,001 வினவல்கள். கிடங்கில் எத்தனை மூட்டை என்று அறிய ஒவ்வொன்றாக வீட்டுக்குத் தூக்கிவந்து எண்ணுவது போன்ற வேலை இது. டேட்டாபேஸில் கூட்டல், குழுவாகப் பிரித்தல் எல்லாம் இருந்த இடத்திலேயே நடக்கும். பத்து வரி எஸ்.க்யூ.எல். போதும்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. வரி கணக்கிடும் விதி ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கிறது. அறிக்கைக்கு நேரடி வினவல் எழுதினால் அதே விதி இரண்டாவது இடத்திலும் வரும். ஒருநாள் இரண்டும் வேறு வேறு தொகை காட்டும். உண்மைதான். ஆனால் தீர்வு ஆப்ஜெக்ட்டுகளைச் சுற்றுவதில் இல்லை. பில் போடும் கணத்தில் கணக்கிட்ட வரி விகிதத்தையும் தொகையையும் அந்தப் பில்லின் டேட்டாபேஸ் வரிசையிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். அறிக்கைக்குக் கூட்டும் வேலை மட்டும் மிஞ்சும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின, 12 சதவீதத்தில் இருந்த பல பொருட்கள் 5-க்கு இறங்கின. இன்றைய விகிதத்தை எடுத்துப் பழைய பில்லுக்குப் போடும் செயலியில், ஆகஸ்ட் மாத அறிக்கையை அக்டோபரில் எடுத்தால் வேறு தொகை வரும். தாக்கல் செய்த கணக்கோடு அது ஒத்துப்போகாது. ஃபாக்ஸ்புரோ காலத்தில் அச்சிட்ட தாள் கோப்பில் கிடந்ததால் இந்த ஆபத்து குறைவு. இன்று தாள் இல்லை. அந்த உறுதியைச் சேமித்த தரவே தர வேண்டும்.

அதனால் என் தேர்வு இதுதான்: எழுதுவதற்கு ஆப்ஜெக்ட், படித்துத் தொகுப்பதற்கு நேரடி வினவல். அறிக்கை ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டிய ஒரு வியூ, அதாவது சேமித்த வினவல், டேட்டாபேஸில் இருக்கட்டும். திரை, எக்செல், பி.டி.எஃப். மூன்றும் அதையே படிக்கட்டும். கனமான கூட்டல்களுக்குப் போஸ்ட்கிரெஸ் 2013 முதல், விடையையும் சேமித்து வைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூ தருகிறது. தனி ரிப்போர்ட்டிங் டேட்டாபேஸ் பெரிய நிறுவனத்துக்குத் தேவைப்படலாம். ஒரு மாவட்டத்துக்குள் இயங்கும் மொத்த வியாபாரிக்கு வேண்டியதில்லை.

தமிழில் அறிக்கை தருபவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. யூனிகோடில் 'கெ' என்பது ககரம் முதலிலும் கொம்பு பின்னாலுமாகச் சேமிக்கப்படுகிறது; கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிய வேண்டும். எழுத்துகளை இடம்மாற்றிக் கோக்கத் தெரியாத பி.டி.எஃப். நூலகங்கள் சேமித்த வரிசையிலேயே அச்சிட்டு, வாடிக்கையாளர் பெயரைச் சிதைத்துவிடுகின்றன. திரையில் சரியாகத் தெரிந்த பெயர் ரசீதில் உடைந்து வருவதைப் பார்த்து நொந்தவர்கள் பலர். அறிக்கையை வலைப்பக்கமாக அமைத்து, 2017 முதல் குரோமில் கிடைக்கும் திரையில்லா முறை வழியாக பி.டி.எஃப். ஆக்கினால் உலாவி எழுத்துகளைக் கோக்கும் விதமே அச்சுக்கும் வரும்; தமிழ் ஒழுங்காக நிற்கும்.

புதிய செயலி தொடங்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஆப்ஜெக்ட்டை வடிவமைக்கும் முன், அந்த நிறுவனத்தின் கணக்கரிடம் போய் உட்காருங்கள். மாதக் கடைசியில் அவர் எந்தப் பட்டியலை யாரிடம் கொடுக்கிறார், எந்த எண் தவறினால் யார் கேட்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டேபிள்களை அதன் பிறகு வரையுங்கள்.