மாலை கழற்றிய பிறகு

41 நாள் எப்படி முடிகிறது?

கார்த்திகை பிறந்தால் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை போன்ற ஊர்களில், தினமும் குடிப்பவர்கள்கூடச் சிலர் ஐயப்பனுக்கு மாலை போட்டு, ஒரு மண்டலம் சரக்கைத் தொடாமல் இருந்துவிடுகிறார்கள். 'மனசு வச்சா முடியுதே, அப்புறம் ஏன் குடிக்கிறான்?' என்று வீட்டார் கேட்பது இதைப் பார்த்துத்தான். ஆனால் அந்த நாட்களில் மனசு தனியாக வேலை செய்யவில்லை. கழுத்தில் மாலை தெரிகிறது. சாயங்காலமானால் கட்டிங்குக்குக் கூப்பிடும் கூட்டாளி ஒதுங்கிப் போகிறார். கேள்வி கேட்க குருசாமி இருக்கிறார், போய் உட்கார பஜனை இருக்கிறது, ஊரே 'சாமி' என்கிறது. மாலையைக் கழற்றிய அன்றே இத்தனையும் கழன்றுவிடுகின்றன. பழைய கூட்டாளி மட்டும் திரும்பி வருகிறார். குடியை நிறுத்துவதைவிட நிறுத்தியபடி இருப்பதே கடினம். அதற்கு ஆண்டு முழுவதும், எட்டும் தூரத்தில், கூடி உட்காரும் ஆட்கள் தேவை. ஆதரவுக் குழுவின் பயன் அங்கேதான்.

கூட்டத்தில் நடப்பது

ஆதரவுக் குழுக்களில் பரவலாக அறியப்பட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியால் நொந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் தொடங்கியது. 1957இல் இந்தியாவுக்கு வந்தது. கட்டணம் கிடையாது. குடியை விடும் ஆசை இருந்தால் போதும். பெயரைப் பதிவு செய்வதில்லை, முழுப் பெயரும் கேட்பதில்லை. ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். புதியவர் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. 'இன்று மட்டும் குடிக்க மாட்டேன்' என்பதுதான் உறுதிமொழி. வாழ்நாள் சத்தியம் செய்துவிட்டு முதல் சறுக்கலிலேயே எல்லாம் போயிற்று என்று குவார்ட்டருக்குத் திரும்புகிறவருக்கு இந்தச் சின்னக் கணக்கு பெரிய உதவி.

பேசினால் தீருமா?

குடித்தவர்கள் கூடிப் பேசினால் நோய் தீருமா என்பது நியாயமான கேள்வி. 2020இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. ஏஏவின் பன்னிரண்டு படிகள் கொண்ட மீட்பு முறைக்கு முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் 42 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின்னும் முழுமையாகக் குடிக்காமல் இருந்தனர்; பிற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். திருந்த நினைப்பவர்தானே கூட்டத்துக்கே போவார் என்று சொல்லலாம். அதனால்தான் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, யாரை எந்தச் சிகிச்சைக்கு அனுப்புவது என்பதைப் பங்கேற்பவரின் விருப்பத்துக்கு விடவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டு தாக்குப்பிடிக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். எந்தச் சிகிச்சையும் இங்கே நூற்றுக்கு நூறு தருவதில்லை.

ஆனால் கூட்டம் மருத்துவமனைக்கு மாற்றாகாது. பல வருடமாகத் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, புத்தி தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர் மாலை போடுவதானாலும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லும் சுவர் விளம்பர மருந்துகளை வாங்கவே கூடாது. அவற்றில் டைசல்ஃபிரம் போன்ற, மதுவுடன் ஒவ்வாத மருந்து இருந்து, அது தெரியாமல் ஒருவர் குடித்துவிட்டால் இதயம்வரை பாதிக்கும்.

ஊர் பார்க்குமே

பெரிய தடை வெட்கம். டாஸ்மாக் வாசலில் நின்றதையும் ரோட்டோரம் விழுந்து கிடந்ததையும் ஊர் ஏற்கெனவே பார்த்தாயிற்று. கூட்டத்துக்குப் போவதைப் பார்த்தால் மட்டும் மானம் போய்விடுமா? இருந்தாலும் கூச்சம் நிஜம்தான். குடிக்கு அடிமையான இந்தியர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது என்று மத்திய அரசு 2019இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதில் வெட்கத்தின் பங்கும் இருக்கும். ஊரறிவதையே பலமாக்கிக் காட்டியது மஞ்சக்குடி. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனையினர், திருவாரூர் மாவட்டத்து அந்தக் கிராமத்துக்கே போய்க் குடிநோய்ச் சிகிச்சை முகாம் நடத்தினார்கள். குடும்பத்தையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்த்தார்கள். ஏஏ கூட்டங்கள் சில சர்ச் வளாகத்தில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்ற பயமும் உண்டு. ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. கிடைத்த இடத்தில் கூடுகிறார்கள், அவ்வளவுதான்.

தேடும் வழி

14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணில் கேட்கலாம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். கூட்டம் எந்தக் கிழமை, தமிழில் நடக்கிறதா, எல்லோரும் வரலாமா அல்லது குடிநோயாளிகளுக்கு மட்டுமா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. மனைவி, பிள்ளைகளுக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு இருக்கிறது. கணவர் வர மறுத்தாலும் அவர்கள் போகலாம். முதல் கூட்டம் ஒட்டவில்லையென்றால் இன்னும் நாலைந்து முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஊர்க்காரர் பார்ப்பது சங்கடமென்றால் டவுனில் நடக்கும் கூட்டத்துக்குப் போகலாம். அங்கே சில மாதம் நிலைத்த இருவர் அடி அண்ணாமலையிலேயே ஒன்றைத் தொடங்கவும் தடையில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே குழு என்பது ஏஏவின் மரபு. ஒரு வகுப்பறையும் டீச் செலவும் போதும். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகளைக் கட்டுப்படுத்துவார்கள் என்பதால், கூட்டக் கிழமையில் பௌர்ணமி விழும் வாரத்துக்கு மட்டும் வேறு நாளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.