வொஷிங்டன் ஆணைகளும் பள்ளிமுனை வலைகளும்

அமெரிக்க அரசியல் இலங்கையின் மன்னார்க் கரைக்கு நான்கு வழிகளில் வந்து சேர்கிறது: வானொலி, வணிகம், உதவி நிதி, நீதிமன்றம். இவற்றுள் மிகப் பழையது வானொலி. இன்று அன்றாட வாழ்வுக்கு மிக நெருக்கமானது வணிகம். மன்னார் நகரையொட்டிய மீனவக் கிராமமான பள்ளிமுனையில் நண்டு வலை போடும் தொழிலாளி ஒருவருக்கு டொனால்ட் ட்ரம்ப்பின் மேடைப் பேச்சால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் அவர் பிடித்த நண்டுக்குக் கம்பனி போடும் விலையில் ட்ரம்ப்பின் கையெழுத்துக்குப் பங்குண்டு. பேச்சு எது, கையெழுத்து எது என்று பிரித்தறிவதே அமெரிக்க அரசியலைப் புரிந்துகொள்வதற்கான முதற்படி.

அதிகாரம் இருக்கும் இடங்கள்

அமெரிக்க அரசியலமைப்பு அதிகாரத்தை மூன்றாகப் பிரிக்கிறது. சட்டம் இயற்றுவதும் பணம் ஒதுக்குவதும் நாடாளுமன்றமான காங்கிரஸின் வேலை. நிர்வாகம் ஜனாதிபதியுடையது. சட்டத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை நீதிமன்றங்களுக்கு உரியது. 1978 முதல் நிறைவேற்று ஜனாதிபதி முறையின் கீழ் வாழும் இலங்கையருக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பழக்கமானதே.

ஜனாதிபதி தம் அதிகாரிகளுக்கு எழுத்தில் இடும் கட்டளை நிறைவேற்று ஆணை எனப்படுகிறது. காங்கிரஸின் வாக்கெடுப்பு அதற்குத் தேவையில்லை. கையெழுத்திட்ட நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிடலாம். அதைத் தடுக்கப் பெரும்பாலும் யாராவது நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். வழக்கு முடியப் பல மாதங்கள் ஆகும். 2025 ஜனவரி 20இல் இரண்டாம் முறை பதவியேற்ற ட்ரம்ப், அந்த ஆண்டில் மட்டும் 200க்கு மேற்பட்ட ஆணைகளில் கையெழுத்திட்டார். ஆணை பிறப்பதற்கும் நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கும் இடைப்பட்ட காலத்தில்தான் உலகின் பல மூலைகளில் தொழில்கள் ஆட்டம் காண்கின்றன.

மேடையும் திரையும்

திரையில் பெற்ற புகழ் ஆட்சிக்கு ஏணியாவதைத் தமிழர்களும் கண்டவர்கள். இலங்கையில் பிறந்த எம்.ஜி.ஆர். 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். ஹொலிவுட் நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன் 1981இல் அமெரிக்க ஜனாதிபதியானார். சிங்களத் திரையின் நாயகன் விஜய குமாரதுங்க 1984இல் தனிக் கட்சி தொடங்கி, 1988 பெப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ட்ரம்ப்பை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது 2004இல் தொடங்கிய ‘தி அப்ரென்டிஸ்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி. போட்டியாளர்களை வேலையிலிருந்து நீக்கும் கண்டிப்பான முதலாளியாக அவர் அதில் தோன்றினார். அந்தத் தோற்றம் பின்னாளில் தேர்தல் மேடையிலும் அவருக்குக் கைகொடுத்தது.

அமெரிக்க ஊடகங்களின் போக்கை மாற்றிய ஆண்டு 1987. சர்ச்சைக்குரிய பொது விடயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்று வானொலி, தொலைக்காட்சி நிலையங்களைக் கட்டுப்படுத்திய விதி 1949 முதல் இருந்துவந்தது. 1987இல் அது கைவிடப்பட்டது. அதன்பின் ஒரே பக்கம் நின்று பேசும் வானொலி விமர்சகர்கள் பெருகினர். 1996இல் ஃபொக்ஸ் நியூஸ், எம்.எஸ்.என்.பி.சி. ஆகிய கேபிள் தொலைக்காட்சிகள் வந்தன. அவற்றில் பகலில் செய்தி வாசிக்கப்படும். இரவில் கருத்துரைப்பவர்கள் மேடையேறுவர். பார்வையாளர் கூட்டம் அதிகம் சேர்வது இரவில்தான். இதனால் செய்திக்கும் தனிமனிதக் கருத்துக்கும் இடையிலான வரம்பு மங்கிப்போனது. 2020 தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற பொய்யைப் பரப்பியதாகத் தொடரப்பட்ட வழக்கில், வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியனுக்கு 787.5 மில்லியன் டொலர் கொடுக்க ஃபொக்ஸ் 2023 ஏப்ரலில் உடன்பட்டது. கருத்து என்ற பெயரில் பொய்யை விற்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அந்த வழக்கு காட்டியது.

நகைச்சுவை நிகழ்ச்சிகளும் அரசியலுக்குள் இழுக்கப்பட்டுள்ளன. 2025 செப்டம்பர் 17இல் ஜிம்மி கிம்மலின் இரவு நிகழ்ச்சியை ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுத்தியது. வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கேர்க் கொல்லப்பட்டதையடுத்து கிம்மல் கூறிய ஒரு கருத்துக்காக, ஒலிபரப்பு அனுமதிகளைக் கையாளும் ஆணைக்குழுவின் தலைவர் வெளிப்படையாக எச்சரித்திருந்தார். பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்தபின், அதே மாதம் 23இல் நிகழ்ச்சி திரும்பி வந்தது. கொலையுண்டவர்களும் காணாமற்போனவர்களுமாகத் தமிழ்ப் பத்திரிகையாளர் பலரை இழந்த இலங்கைக்கு, அதிகாரம் ஊடகத்தை மிரட்டினால் என்ன நடக்கும் என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிற்றலையில் வந்த அமெரிக்கா

‘வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா’ என்ற அரச வானொலி, இரண்டாம் உலகப் போரின் நடுவே 1942 பெப்ரவரியில் ஜெர்மன் மொழியில் தொடங்கியது. நேர்மையான செய்தி தருவது அதன் கடமை என்று வகுக்கும் சாசனத்தில் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் 1976இல் ஒப்பமிட்டார். இலங்கையுடன் அதற்கு 1951 முதலே உறவுண்டு. அந்த ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கைப்படி இலங்கை வானொலிக்குச் சிற்றலை ஒலிபரப்பிகள் கிடைத்தன. பதிலுக்கு அமெரிக்க நிகழ்ச்சிகளுக்கு நேரம் ஒதுக்கப்பட்டது.

1983இல் ஜே.ஆர். ஜெயவர்தனவின் அரசு பெரிய மறு ஒலிபரப்பு நிலையம் ஒன்றுக்கு இடம் தர இணங்கியது. டெல்லி இதைச் சந்தேகத்தோடு பார்த்தது. 1987 ஜூலை 29இல் கைச்சாத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவ, உளவு வேலைகளுக்குப் பயன்படக் கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டது. இனப்பிரச்சினைக்குத் தீர்வு காண வந்த ஒப்பந்தத்தில் ஒரு வானொலி நிலையம் இடம்பெற்றது, வல்லரசுகளின் கணக்கு வேறு என்பதற்குச் சான்று. நிலையம் அமையவிருந்த, சிலாபத்துக்கு அருகேயுள்ள இரணவிலவின் கத்தோலிக்க மீனவர்கள் தம் கரையும் தொழிலும் பறிபோகும் என்று எதிர்த்துப் போராடினர். நிலையம் கட்டப்பட்டது, 2016இல் மூடப்பட்டது.

வடக்கின் மக்கள் வானொலியை உயிர்நாடியாகக் கருதிய காலம் ஒன்று இருந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காத ஆண்டுகளில், கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் பெடலை ஒருவர் கையால் சுற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸையும் கேட்டார்கள். சுற்றும் கை தளர்ந்தால் குரல் தேய்ந்துவிடும். உண்மையான செய்தியின் அருமையை இப்படி உடல் உழைப்பால் அறிந்த மக்கள் உலகில் அதிகமில்லை.

2025 மார்ச் 14இல் ட்ரம்ப் ஒப்பமிட்ட ஆணையொன்று, வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவை நடத்தும் நிறுவனத்தைச் சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை சுருக்கச் சொன்னது. மறுநாளே 1300க்கு மேற்பட்ட ஊழியர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டனர். எண்பதாண்டுகளுக்கு மேல் ஓயாத குரல் அடங்கியது. ஏப்ரலில் ஒரு நீதிபதி அதை மீட்கும்படி உத்தரவிட்டார், இழுபறி தொடர்ந்தது. சுதந்திரமான செய்தி பற்றிப் பிற நாடுகளுக்குப் பாடம் சொன்ன அரசு, தன் சொந்த வானொலியையே ஒரு கையெழுத்தால் நிறுத்தியது பெரும் இழப்பு.

நண்டும் தீர்வை வரியும்

பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் நீலக்கால் நண்டுக்கு முதன்மையான சந்தை அமெரிக்கா. கடலின் அடியில் படுக்கும்படி வலை போடப்படும். மறுநாள் வலையை எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, சிக்கிய நண்டுகளைக் கால் முறியாமல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கால் முறிந்தாலும் ஓடு இளகியிருந்தாலும் விலை இறங்கும். தரம் பிரித்து நிறுத்தபின் நண்டு அவிக்கப்படுகிறது. பெண்கள் அதன் சதையைக் கையால் எடுத்து, ஓட்டுத் துணுக்கு கலக்காமல் பிரிக்கிறார்கள். அது தகரப் பேணிகளில் அடைக்கப்பட்டு, குளிரூட்டப்பட்ட நிலையில் கப்பலேறுகிறது. அமெரிக்க உணவகத்தில் நண்டு வடையாகப் பரிமாறப்படும் அந்தச் சதைக்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன.

2025 ஏப்ரல் 2இல் ட்ரம்ப் அறிவித்த புதிய வரியில் இலங்கைக்கு 44 வீதம் விழுந்தது. ஒரு வாரத்தில் அது 90 நாட்களுக்கு ஒத்திவைக்கப்பட்டு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான 10 வீதம் மட்டும் நின்றது. ஜூலை 9இல் 30 வீதம் என்று கடிதம் வந்தது. பேச்சுவார்த்தைக்குப்பின், ஓகஸ்ட் 7 முதல் 20 வீதம் என்றானது. ஜனாதிபதிக்கு இப்படி வரி விதிக்கும் அதிகாரம் உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 நவம்பர் 5இல் வாதம் கேட்கப்பட்டது. இலங்கை ஏற்றுமதியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது; அதில் பெரும்பகுதி ஆடைகள். வரியை முதலில் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர். அவர் அந்தச் சுமையை ஏற்றுமதியாளரிடம் பேரம் பேசி இறக்குவார்; ஏற்றுமதியாளர் கரையில் விலையைக் குறைப்பார். அதற்குக் கீழே, சுமையைத் தள்ளிவிட மீனவருக்கு வேறு ஆளில்லை.

வரியைவிடக் கடுமையானது இன்னொரு விதி. கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்க அமெரிக்கா 1972இல் ஒரு சட்டம் இயற்றியது. தன் மீனவர்களுக்கு விதிக்கும் கட்டுப்பாட்டுக்கு நிகரான பாதுகாப்பு இல்லாத நாடுகளிலிருந்து மீன் வாங்குவதில்லை என்பதற்கான விதிகளை 2016இல் வகுத்தது. பல தடவை தள்ளிப்போடப்பட்ட அந்த விதிகளின் கீழ், 46 நாடுகளைச் சேர்ந்த 240 கடற்றொழில்களுக்கு 2025இல் ஒப்புதல் மறுக்கப்பட்டது. 2026 ஜனவரி 1 தடை தொடங்கும் நாளாகக் குறிக்கப்பட்டது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகியவற்றோடு இலங்கையின் நீலக்கால் நண்டும் சிக்கியது. அமெரிக்க இறக்குமதியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். மன்னார்க் கடலில் இந்தச் சட்டம் நினைக்கும் விலங்குகளுள் ஒன்று ஆவுளியா, கடற்புல் மேயும் சாதுவான உயிர். அதைக் காப்பது நியாயமானதே. ஆனால் வலையில் அது எத்தனை தடவை சிக்குகிறது என்ற பதிவு முறையாக இல்லாவிட்டால், குற்றமற்ற தொழிலாளிக்கும் தன்னை நிரூபிக்க வழியில்லை.

உதவி நிதியும் மிதிவெடியும்

1961இல் ஜோன் எஃப். கென்னடி நிறுவிய வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட், 2025 ஜூலை 1இல் தன் பணியை முடித்துக்கொண்டது. பதவியேற்ற அன்றே ட்ரம்ப் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தியிருந்தார். மார்ச்சில், அதன் திட்டங்களில் 83 வீதம் இரத்துச் செய்யப்படுவதாக வெளியுறவுச் செயலாளர் மார்கோ ரூபியோ அறிவித்தார். மிதிவெடி அகற்றும் பணிகளுக்கான அமெரிக்க நிதியும் அந்த 90 நாள் நிறுத்தத்தால் உலகெங்கும் தடைப்பட்டது. மன்னார் பெருநிலப்பரப்பில் போர் விட்டுச்சென்ற வெடிகளை அகற்ற, ஊர்ப் பெண்கள் உட்படப் பலர் ஆண்டுக்கணக்கில் முழந்தாளிட்டு நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்து வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வேலையைப் பாதியில் நிறுத்த நேர்ந்தால் இழப்பு, காணிக்குத் திரும்பக் காத்திருக்கும் குடும்பத்துக்கே.

காற்றாலையும் நியூயோர்க் வழக்கும்

மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபையின் ‘தம்பபவனி’ 30 காற்றாலைகளோடு 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதையடுத்து மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவோட் திட்டத்துக்கு 2023இல் இந்தியாவின் அதானி குழுமம் ஒப்புதல் பெற்றது. வலசைப் பறவைகளின் பாதையைச் சுட்டிக்காட்டியும், மீனவர் வாழ்வைச் சுட்டிக்காட்டியும் எதிர்ப்பு எழுந்தது. விடயம் கொழும்பில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தியாவில் இலஞ்சம் வழங்கத் திட்டமிட்டதாகக் குழுமத்தின் தலைவர் கௌதம் அதானிமீது 2024 நவம்பரில் நியூயோர்க்கில் குற்றச்சாட்டு வெளியானது. குழுமம் அதை மறுத்தது. 2025 பெப்ரவரியில், மின்சாரத்தின் விலையை இலங்கை அரசு மீண்டும் பேச முற்பட்ட நிலையில், அதானி நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது. விலகலுக்கு நேர்க் காரணம் விலை. ஆயினும் அந்த மாதங்களில் ஓர் அமெரிக்க நீதிமன்றத்தின் செய்தி மன்னார்த் திட்டத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

யூடியூபிலும் முகநூலிலும் அமெரிக்க அரசியல் பெரும்பாலும் பேச்சாகவே வந்து சேர்கிறது: யார் யாரைத் திட்டினார், யார் என்ன பாட்டுக்கு ஆடினார் என்பதாக. மன்னாரைத் தொட்ட ஒவ்வொரு முடிவும் ஆணையாகவோ விதியாகவோ வழக்காகவோ எழுத்தில்தான் வந்தது. அவை எல்லாமே பகிரங்க ஆவணங்கள். அவற்றைத் தமிழில் சுருக்கி, கடற்றொழிலாளர் சங்கங்களின் அறிவிப்புப் பலகைவரை கொண்டு சேர்ப்பது கடற்றொழில் திணைக்களத்தின் கடமை. தமிழ்ப் பத்திரிகைகளின் கடமையும்கூட. வலையில் ஆவுளியா சிக்கினால் தண்டனைக்குப் பயப்படாமல் பதியும் முறை ஒன்றை அரசு அமைக்க வேண்டும். நண்டுக்கு ஒரே நாட்டை நம்பியிராமல் வேறு சந்தைகளையும் தேட வேண்டும். பள்ளிமுனையில் யாருக்கும் அமெரிக்காவில் வாக்கு இல்லை. அங்கே எடுக்கப்படும் முடிவை முன்கூட்டியே அறியும் உரிமையாவது அவர்களுக்கு இருக்க வேண்டும். அதை உறுதிசெய்யும் பொறுப்பு கொழும்புக்கு உண்டு.