ஓய்வு வயதைத் தாண்டியும் ரோந்து

2015 டிசம்பரில் பழுதுபார்ப்புக்காக டெவன்போர்ட் கப்பல்தளத்துக்குள் நுழைந்த எச்.எம்.எஸ். வேன்கார்ட், அங்கிருந்து வெளியே வந்தது 2023 மே மாதத்தில். ட்ரைடென்ட் அணு ஏவுகணைகளைச் சுமக்கும் இந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கி 1993இல் பணியில் சேர்ந்தது. வடிவமைத்தவர்கள் அதற்குக் குறித்த ஆயுள் 25 ஆண்டுகள். அந்தக் கெடு முடிந்தபோது கப்பல் தளத்திலேயே நின்றுகொண்டிருந்தது!

இப்படிப்பட்ட கப்பலுக்கு வயதாவது எப்படி? முதலில் எஃகுக் கூடு. ஆழத்துக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் நீரின் அழுத்தத்தில் அது இறுகும். மேலே வரும்போது தளரும். பல்லாண்டுகள் இப்படியே நடந்தால் உலோகம் சோர்ந்துபோகும். அடுத்தது அணு உலை. எரிபொருள் தீர்ந்தால் கப்பலின் உடலையே வெட்டித் திறந்து புதிதாக நிரப்ப வேண்டும். இந்தப் பழுதுபார்ப்பில் வேன்கார்டுக்கு அப்படி ஒரு வேலை திட்டத்திலேயே இருக்கவில்லை. அதே வகை உலையைச் சோதித்துவந்த ஸ்காட்லாந்தின் டவுன்ரே சோதனை உலையில், குளிர்விக்கும் நீரில் சிறிதளவு கதிரியக்கம் 2012இல் தென்பட்டது. அதன் பிறகே, முன்னெச்சரிக்கையாக வேன்கார்டுக்கும் எரிபொருள் மாற்ற முடிவு செய்தார்கள்.

அமெரிக்காவின் ஒஹையோ வகைக் கப்பல்களின் கதை வேறு. 1981க்கும் 1997க்கும் இடையே 18 கப்பல்கள் பணியில் சேர்ந்தன. சுமார் 170 மீட்டர் நீளம். மூழ்கிய நிலையில் 18,750 டன். 30 ஆண்டுகளுக்கென்று கட்டியவற்றை 1990களின் இறுதியில் 42 ஆண்டுகளுக்கு நீட்டித்தது கடற்படை. 20 ஆண்டுகள் ஓட்டம், நடுவே எரிபொருள் மாற்றத்தோடு இரண்டாண்டுப் பெரும்பராமரிப்பு, மீண்டும் 20 ஆண்டுகள் ஓட்டம் என்பது கணக்கு. எதிரியைத் துரத்துவது இவற்றின் வேலையல்ல. மெதுவாக, ஓசையின்றி ஒளிந்திருப்பதுதான். அதனால் தேய்மானமும் குறைவு.

ஆனால் சும்மா நிற்க விடமாட்டார்கள். ஒரே கப்பலுக்கு ‘நீலம்’, ‘தங்கம்’ என இரண்டு குழுக்கள். சராசரியாக 77 நாள் கடலில், 35 நாள் துறைமுகத்தில். பெரிய இயந்திரப் பாகங்களையும் சட்டென்று இறக்கி ஏற்ற மூன்று அகலமான திறப்புகளைக் கட்டும்போதே வைத்துவிட்டார்கள்.

முதல் நான்கு கப்பல்கள் 2000களில் டோமஹாக் ஏவுகணை சுமக்கும் வகைக்கு மாறின. எஞ்சிய 14க்கு மாற்றாக, 12 கொலம்பியா வகைக் கப்பல்கள் வர வேண்டும். ஆயுள் முழுவதற்கும் எரிபொருள் மாற்றவே தேவையில்லாத உலை அவற்றில் இருக்கும். முதல் கப்பலின் கட்டுமானமே ஓராண்டுக்கு மேல் தாமதம். எனவே ஒஹையோ கப்பல்களில் ஐந்து வரை 42 வயதுக்குப் பிறகும் ஓட்டக் கடற்படை திட்டமிடுகிறது. பிரிட்டனிலும் இதே நிலைதான். வேன்கார்ட் வகைக்கு மாற்றாக 2024இல் வரும் என்று 2006இல் சொன்ன புதிய வகை, 2030களின் தொடக்கத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

ஓய்வு கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. அமெரிக்கா உலை இருக்கும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து மூடி, கொலம்பியா ஆற்றின் வழியே படகில் ஏற்றி, ஹான்ஃபோர்டில் பெரிய பள்ளத்தில் வைக்கிறது. பிரிட்டன் இதில் பின்தங்கியிருக்கிறது. வேன்கார்டுக்கு முன்பு ரோந்து சென்ற ரெசொல்யூஷன் வகையின் நான்கு கப்பல்களும் 1996க்குள் ஓய்வு பெற்றுவிட்டன. ஸ்காட்லாந்தின் ரோசித் தளத்தில் அவை உடைப்புக்காகக் காத்திருக்க, அங்கே முதலில் முழுமையாகப் பிரிக்க எடுத்துக்கொண்டது ஸ்விஃப்ட்ஷூர் என்ற தாக்குதல் நீர்மூழ்கியை.