பாங்காங் ஏரிக்கரையில் கேரவனில் ரெண்டு நைட்: நம்ம சம்பளத்துக்கு எவ்வளவு ஆகும்?

நீல ஏரி, பின்னால பனி மலை, கரையில ஒரு கேரவன், கையில சூடா டீ. இந்த ரீல்ஸைப் பார்க்காதவங்க இருக்க முடியாது. "நாமளும் ஒரு வேனை வாங்கிட்டுக் கிளம்பிடலாமா?" என்று தோன்றுவது இயல்புதான். கிளம்பும் முன் ஒரு பேப்பர், பேனா எடுங்க. மறைமலைநகர் ஜிஎஸ்டி ரோட்டில் இருந்து லடாக்கின் பாங்காங் ஏரி வரை கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

முதல் செலவு: டீசல்

டெல்லி, மணாலி, லே வழியாகப் போனால் ஒரு பக்கம் சுமார் 3,200 கி.மீ. போக வர 6,400 கி.மீ. வேன் லிட்டருக்கு 10 கி.மீ. தரும், டீசல் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 57,600 ரூபாய். டோல், சாப்பாடு எல்லாம் தனி.

யாரும் சொல்லாத செலவு: லீவு

ஒரு நாளைக்கு 400 கி.மீ. ஓட்டினாலே 16 நாள் ஸ்டியரிங்கில் போய்விடும். மலைப்பாதையில் அந்த வேகமும் வராது. லே சுமார் 3,500 மீட்டர் உயரம், பாங்காங் 4,200 மீட்டருக்கும் மேல். உடம்பு பழக லேயில் குறைந்தது 2 நாள் ஓய்வு வேண்டும். இதைத் தவிர்த்தால் மூச்சுத்திணறல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆக, சனிக்கிழமை கிளம்பினால் மொத்தம் 23 நாள் ஆகும். வாரம் 5 நாள் வேலை என்றாலும் 15 நாள் லீவு போடணும். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் (1947) ஒரு வருட சர்வீஸுக்குத் தரும் சம்பளத்தோடு கூடிய லீவு 12 நாள். அதில் 7 நாளை ஊருக்குப் போக ஏற்கெனவே எடுத்திருந்தால், மிச்சம் 10 நாள் லாஸ் ஆஃப் பே. சம்பளம் 45,000 என்றால் 15,000 ரூபாய் கட்.

இவ்வளவும் ஏரிக்கரையில் ரெண்டு நைட் தூங்கத்தான்!

"அப்போ வாடகைக்கு எடுத்துக்கலாமே?"

இங்கேதான் சிக்கல். வெளியூர் வாடகை வண்டிகளை பாங்காங், நுப்ரா பக்கம் ஓட்ட லடாக்கின் டாக்ஸி சங்கங்கள் விடுவதில்லை. சொந்த வண்டிக்கு அந்தத் தடை இல்லை. "சரி, வாங்கியே விடலாம்" என்ற எண்ணம் வருவது இந்த இடத்தில்தான்.

10 லட்சம் கடன், 12% வட்டி, 7 வருஷம் என்றால் இஎம்ஐ 17,653. வருஷத்துக்கு சுமார் 2.12 லட்சம். வருஷம் 20 நைட் அந்த வேனில் தூங்கினாலும், ஒரு நைட்டுக்கு சுமார் 10,600 ரூபாய்! இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் இதில் சேரவில்லை. மிச்ச 345 நாளும் வண்டி அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் மதிப்பு இறங்கிக்கொண்டே நிற்கும்.

7 வருஷ இஎம்ஐ என்றால் என்ன என்று மறைமலைநகர்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவிப்பு வந்தது, 2022-ல் உற்பத்தியே நின்றது. நிரந்தரம் என்று நினைத்த வேலை ஒரு வருஷத்துக்குள் போகலாம். இஎம்ஐ மட்டும் தேதி தவறாமல் வரும்.

அங்கே நிலைமை எப்படி?

- கண்ட இடத்தில் கரையில் வண்டி போட முடியாது. ஏரிக்குள் இறக்கினால் போலீஸ் கேஸ். ஸ்பாங்மிக், மான், மெராக் கிராமங்களில் ஹோம்ஸ்டே அல்லது கேம்ப் வளாகத்தில் கேட்டு, காசு கொடுத்து நிறுத்துவதுதான் சரி.
- வெளி மாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும்.
- லேயிலேயே டேங்கை ஃபுல் பண்ணிடுங்க.
- குளிருது என்று மூடிய வேனுக்குள் கேஸ் அடுப்பு எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

அப்போ ஆசையை விட்டுடணுமா?

வேண்டாம். ஏரியை வைத்துக்கொள்ளுங்க, வேனை விட்டுடுங்க. டெல்லி வழியாக லேக்கு ஃப்ளைட், 2 நாள் ஓய்வு, உள்ளூர் டாக்ஸி, கிராமத்து ஹோம்ஸ்டே. சனி முதல் அடுத்த ஞாயிறு வரை 9 நாள், லீவு 5 நாள்தான். பட்ஜெட் 60,000 என்று வைத்தால், மாதம் 4,000 ஆர்.டி. போட்டு 15 மாதத்தில் கடனில்லாமல் சேர்த்துவிடலாம். அதற்கு முன்னால் 6 மாதச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் தனியாக இருக்கட்டும்.

கேரவன் வாழ்க்கைதான் பிடிக்கும் என்றால், முதலில் ஒரு வீக்கெண்ட் தென்னிந்தியாவிலேயே வாடகைக்கு எடுத்துப் பாருங்க. தண்ணி பிடிப்பது, டாய்லெட் டேங்க் காலி பண்ணுவது, குறுகலான படுக்கை எல்லாம் ரெண்டே நாளில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், அப்போது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

உங்க சம்பளம், உங்க லீவு, உங்க வண்டி மைலேஜ் போட்டு இதே கணக்கை இன்னைக்கே ஒரு தடவை போட்டுப் பாருங்க.